கரைப் பக்கமிருந்து கழற்றியவள்

அக்டோபர் முடிந்துவிட்டது. கெட்டில் ஏரியில் ஒரு வீட்டுப் படகுத்துறைகூட இன்னும் தண்ணீரை விட்டு ஏறவில்லை. மினசோட்டாவின் வடகோடியில் இப்படி ஒரு கூத்து நடந்ததாக யாருக்கும் நினைவில்லை. ஏரி உறைவதற்குள், கரையிலிருந்து தண்ணீருக்குள் நீளும் இந்தப் பலகை மேடையைத் தட்டுத் தட்டாகக் கழற்றிக் கரையில் அடுக்கிவிட வேண்டும். விட்டுவிட்டால் பனிக்கட்டி அதன் இரும்புக் கால்களைக் கவ்விக்கொள்ளும். வசந்தத்தில் பாளம் நகரும்போது முறுக்கிப் பிய்த்து, எதிர்க்கரையில் யார் வீட்டு வாசலிலாவது கொண்டுபோய்ப் போடும். துறை போனால்கூடப் போகட்டும். அதைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுக்கிறவர், "பரவாயில்ல, எல்லாருக்கும் நடக்கிறதுதானே" என்று சொல்லிவிட்டுப் போவார். எங்கள் ஏரியில் ஒரு மனிதனை உயிரோடு புதைக்க அந்த ஒரு வார்த்தை போதும்.

மேவிஸ் ப்ராட்டனுக்குத் துறையைப் பற்றிக் கவலை இல்லை. கட்டினவனைப் பற்றித்தான் கவலை. ஏப்ரலில் வெண்டெலுக்கு மாரடைப்பு வந்து, நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பாரம் தூக்கக் கூடாது, குளிர்ந்த தண்ணீரில் கால் வைக்கவே கூடாது, வைத்தால் அந்த இதயம் தாங்காது என்று மருத்துவர் அவன் முகத்தைப் பார்த்தே சொன்னார். வெண்டெல் தலையாட்டினான். எங்கள் பக்கத்து ஆண்கள் மருத்துவரிடம் தலையாட்டுவது அந்த அறையை விட்டுச் சீக்கிரம் வெளியே போவதற்காகத்தான் என்பது மேவிஸுக்குத் தெரியும்.

அந்த வீடும் கரையும் துறையும் மேவிஸின் அப்பாவுடையவை. வெண்டெல் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவன். மேற்கே பீட்ரூட் வயல்களில் வளர்ந்தவனுக்கு ஏரியென்றால் வரைபடத்தில் பார்க்கிற நீலப் பொட்டுதான். கல்யாணமான முதல் இலையுதிர்காலத்தில் மார்பளவுத் தண்ணீரில் நின்று, எந்தத் திருகை எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவள் மேவிஸ். அவனும் கற்றுக்கொண்டான். கற்றுக்கொண்ட வேகத்தில் யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதை மறந்தும் போனான். வருஷாவருஷம் ஏரியிலேயே முதல் துறை அவனுடையதுதான் கரையேறும். அவன் கழற்றினால் ஒரு வாரத்தில் குளிர் இறங்கும் என்று ஊரே நம்பியது. வானிலை அறிக்கையை நம்பாதவர்கள்கூட வெண்டெலை நம்பினார்கள்.

ஆளை வைத்து எடுக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எடுக்கலாம். அதற்கென்று ஒரு கம்பெனி லாரி வரும், பக்கத்தில் பெரிய எழுத்தில் பேர் எழுதியிருக்கும், அரைநாள் உங்கள் வாசலில் நிற்கும். முனைவீட்டு மினியாபொலிஸ் வக்கீல் ஒருவர்தான் அப்படி எடுப்பவர். அவரைப் பற்றிப் பேச்சு வந்தால், "நல்ல மனுஷன்தான்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். அந்தத் 'தான்' இருக்கிறதே, அதற்குள் ஒரு குடும்பமே முழுகிப் போகும். மேவிஸ் லாரிப் பேச்சை எடுத்தபோது வெண்டெல், "என் பொணத்து மேல ஏறித்தான் அந்த லாரி உள்ள வரணும்" என்றான். வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பாள்.

ஆகவே பக்கத்து வீட்டுக்காரர்களிடம்தான் போக வேண்டும். போனால் கேட்கக் கூடாது. இதுதான் சிக்கல். எங்கள் ஏரியில் உதவி என்று யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்டால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? ஆனாலும் கேட்பதில்லை. கேட்டால் எதிராளிக்கு முடியாது என்று சொல்ல வழியில்லாமல் போகும், அவரை அந்த நிலையில் நிறுத்துவது அநாகரிகம். தானாக வந்து உதவுகிறேன் என்று சொல்லவும் கூடாது. சொன்னால் உன்னால் முடியாது என்று சொன்னதாகிவிடும். எனவே கேட்கிறவர் கேட்காமல் கேட்க வேண்டும், கொடுக்கிறவர் கேட்காத மாதிரி கேட்டுக்கொள்ள வேண்டும்.

மேவிஸ் பூசணிக் கேக் சுட்டு எடுத்துக்கொண்டு ரெய்னோ லாஹ்டி வீட்டுக்குப் போனாள். ரெய்னோ பக்கத்துக் கரைக்காரன், மனைவி போனபின் தனியாக இருப்பவன், எருதுத் தோள், ஃபின்லாந்து வம்சம். கேக் வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லி, மூன்றாவது தடவை மூன்று துண்டு எடுத்துக்கொண்டான். மழையைப் பற்றிப் பேசினார்கள். அவனுடைய படகு எஞ்சினைப் பற்றி மழையைவிட அதிகமாகப் பேசினார்கள். கடைசியில் மேவிஸ் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "எங்க துறை இன்னும் தண்ணியிலதான் நிக்குது" என்றாள். அவளைப் பொறுத்தவரை அது அவன் காலில் விழுவதற்குச் சமம்.

ரெய்னோவும் ஜன்னலைப் பார்த்தான்.

"ஆமா," என்றான். "இந்த வருஷம் குளிரு கொஞ்சம் லேட்டு."

பிறகு இரண்டு தொடையிலும் தட்டிக்கொண்டு "சரி, அப்புறம்" என்றான். எங்கள் பக்கத்தில் அதைக் கேட்டால் விருந்தாளி எழுந்துவிட வேண்டும்.

அடுத்து டெலோரிஸ் ஹ்யூசெத் வீடு. டெலோரிஸும் அவள் கணவன் கார்வினும் சர்ச்சில் காபி போடுகிறவர்கள், அதனால் ஊரில் எல்லாருடைய நெஞ்சுவலியும் அவர்களுக்கு அத்துப்படி. மேவிஸ் இந்தத் தடவை கொஞ்சம் துணிந்து, வெண்டெலுக்கு இப்போதெல்லாம் சீக்கிரம் களைத்துப் போகிறது என்று சொல்லிவிட்டாள். டெலோரிஸின் கண் கலங்கிவிட்டது. மேவிஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். மேவிஸ் நிம்மதியாக வீடு திரும்பினாள்.

மறுநாள் பொழுது சாய்வதற்குள் ஹாட்டிஷ் வர ஆரம்பித்தது. மாட்டுக் கொத்துக்கறியில் காளான் சூப்பை ஊற்றி, மேலே உருளைக்கிழங்கு வறுவல் பரப்பி, அடுப்பில் சுட்டெடுத்த தட்டுகள். டெலோரிஸ் ஒன்று, அவள் சொல்லி வேறு வேறு வீடுகளிலிருந்து இன்னும் ஐந்தாறு. எல்லாவற்றிலும் உப்பும் வெண்ணெயும் தாராளம். இதயம் நின்றுபோனால் எங்கள் ஊரில் ஹாட்டிஷ் வரும். நிற்கப் போகிறது என்று தெரிந்தாலும் ஹாட்டிஷ்தான் வரும். மேவிஸ் அவற்றையெல்லாம் ஃப்ரீஸருக்குள் அடுக்கிவிட்டு, வெண்டெலுக்கு ஓட்ஸ் கஞ்சி வைத்தாள்.

வெண்டெல் அந்த நாட்களில் ஜன்னலை விட்டு நகரவில்லை. லூன் பறவை பார்க்க வாங்கிய பைனாகுலரைக் கையில் வைத்துக்கொண்டு கரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "பாத்தியா? ஒருத்தனும் கை வைக்கல," என்றான். "நான் எடுக்கிறதுக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க."

அவன் பீற்றிக்கொள்கிறான் என்றுதான் மேவிஸ் நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நிலவறைக் கூடத்தில் காபி குடிக்கும்போதுதான் அது நிஜம் என்று தெரிந்தது. உங்கள் துறையை எப்போது எடுக்கிறீர்கள் என்று கார்வினிடம் சும்மா கேட்டாள். கார்வின் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டே பேசினான்.

"வெண்டெல் எடுக்கட்டும், மேவிஸ். அப்புறம் நாங்க எடுக்கிறோம். ஒவ்வொரு வருஷமும் அவன்தானே மொதல்ல. இந்த வருஷம் முந்திக்கிட்டா என்ன அர்த்தம்? அவன் கதை முடிஞ்சுதுன்னு சொன்ன மாதிரி ஆயிடாதா? ரெய்னோவும் அதையேதான் சொல்றான். எல்லாருமாத்தான் பேசி வெச்சோம். அவன் மனசு நோகக் கூடாது."

ஏரி முழுக்க அவன் மேல் அன்பாக இருக்கிறது. அந்த அன்பு அவனை நேராக உறைநீருக்குள் இறக்கிவிடப் போகிறது. 'அவனால் முடியாது, நீங்கள் வந்து எடுங்கள்' என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் கார்வின் வருவான், ரெய்னோ வருவான், வெண்டெல் அவர்களை முந்திக்கொண்டு தண்ணீரில் குதிப்பான். மனைவி ஊரைக் கூட்டிவந்து தன்னைக் காப்பாற்றினாள் என்று தெரிந்தால் அவன் அதற்குப் பின்னும் உயிரோடு இருப்பான்தான், ஆனால் மேவிஸோடு பேசமாட்டான். அவள் காபியைக் குடித்துவிட்டு, மிகவும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வியாழக்கிழமை வளைகுடாவின் ஓரத்தில் பாலாடை மாதிரி மெல்லிய பனி ஏடு கட்டியது. சனிக்கிழமை மான் வேட்டை தொடக்கம். அதற்குப் பிறகு ஊரில் ஆண்பிள்ளை என்று ஒருவனும் இருக்கமாட்டான், எல்லோரும் காட்டுக்குள் குடிசை போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அன்று மத்தியானம் வெண்டெல் கராஜில் ஆணியில் தொங்கிய ரப்பர் கால்சட்டையை, தண்ணீரில் இறங்க மார்பு வரை ஏறும் அந்தப் பச்சை உடுப்பை, எடுத்து மடியில் போட்டு ஓட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்குக் காலைல எறங்குறேன்," என்றான்.

"எறங்கினா செத்துப்போயிடுவ, வெண்டெல்."

"காபி ஆறுறதுக்குள்ள முடியுற வேலை. நீ மேல நின்னு ஸ்பேனரைக் குடுத்தா போதும், எப்பவும் போல."

"எப்பவும் போல நீ இல்லையே."

ரப்பரில் ஒரு சின்னக் கீறல் இருந்தது, அவன் அதற்குப் பசை தடவ ஆரம்பித்தான். மேவிஸ் உள்ளே போய்ப் பாத்திரம் கழுவுகிற சாக்கில் அழுதாள். இந்த மனிதனை அவள் நேசித்தாள். இந்த நிமிஷத்தில் அந்த ஸ்பேனரால் அவன் மண்டையில் ஒன்று போடவும் விரும்பினாள்.

அழுது முடித்து ஜன்னல் வழியே பார்த்தபோது, எதிரே படகிறக்கும் சரிவில் முனைவீட்டு வக்கீல் தன் படகை ஏற்ற, காரின் பின்னால் பூட்டிய படகு வண்டியைப் பின்பக்கமாகத் தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டிருந்தார். வண்டி கோணிக்கொண்டது. நேராக்கினார், மறுபக்கம் கோணிக்கொண்டது. அவர் யாரையும் கூப்பிடவில்லை. ஆனால் எங்கிருந்தோ ரெய்னோ வந்துவிட்டான். ஒரு லாரியிலிருந்து கார்வின் இறங்கினான். மீன்கடைக்காரன் ஏப்ரனோடு ஓடிவந்தான். ஒருவன் இடதுபக்கம் ஒடி என்று கை காட்டினான், ஒருவன் வலதுபக்கம் என்றான். கடைசியில் வக்கீலை இறக்கிவிட்டு ரெய்னோவே ஏறி ஓட்டினான். எங்கள் ஏரிக்காரர்களுக்கு உதவி செய்யக் கூச்சம் உண்டு. கண்ணெதிரே ஒருவன் ஒரு வேலையைத் தப்பாகச் செய்தால் மட்டும் அவர்களால் தாங்கவே முடியாது. பல்வலிகூடப் பொறுப்பார்கள், அதைப் பொறுக்கமாட்டார்கள்.

மேவிஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, நன்றாக விடிந்து, ஏரியைச் சுற்றி எல்லா ஜன்னலிலும் காபிக் கோப்பையோடு ஆள் நிற்கிற நேரம் பார்த்து, வெண்டெல் முகம் மழிக்கக் குளியலறைக்குள் போனதும், அவள் அந்த ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டாள். வீட்டில் இருந்தது அது ஒன்றுதான். அவள் அதற்குள் ஒரு சாக்குக்குள் விழுந்த பூனை மாதிரி இருந்தாள். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு துறைக்கு நடந்தாள்.

துறையை ஆழத்துப் பக்கமிருந்துதான் கழற்ற வேண்டும். கடைசித் தட்டை முதலில் விடுவித்து, கரைக்கு எடுத்துவந்து, அதற்கு முந்தையது, அதற்கு முந்தையது என்று கரையை நோக்கி வர வேண்டும். இது எங்கள் பிள்ளைகளுக்குப் பேச்சு வருவதற்கு முன்பே தெரியும். மேவிஸ் கரையோரத்துத் தட்டின் முன்னால் மண்டியிட்டாள். ஸ்பேனரைத் திருகாணியில் வைத்தாள். கை நகரவில்லை. அப்பாவின் கை பழக்கிய கை அது. தப்பான வேலையைச் செய்யமாட்டேன் என்று அடம் பிடித்தது. அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள்.

கரைத் தட்டு ஒரு பக்கம் விடுபட்டது. அவள் தாண்டி ஏரிப்பக்கம் போய் நின்றுகொண்டு மறுபக்கத்தையும் விடுவித்தாள். தட்டு சரிந்து தண்ணீரில் விழுந்தது. மீதித் துறை முழுவதும் இப்போது கரையோடு ஒட்டில்லாமல் ஏரிக்குள் தனித்தீவாக நின்றது. தீவின் மேல், கணவனின் கால்சட்டையில், மேவிஸ்.

ரெய்னோ வீட்டு ஜன்னலில் ஒரு கோப்பை கீழே வைக்கப்பட்டதை அவள் பார்த்தாள். ஆனால் யாரும் வெளியே வரவில்லை. போதவில்லை போலிருக்கிறது. அவள் அடுத்த தட்டின் காலைத் தளர்த்தினாள், அதுவும் தான் நிற்கிற தட்டின் காலையே. துறை கோணிக்கொண்டு கிறீச்சிட்டது. அந்தச் சத்தம் அமைதியான ஏரியின் மேல் நன்றாகப் போனது.

முதலில் வந்தவன் வெண்டெல். முகத்தில் பாதி சோப்பு நுரை, காலில் வீட்டுச் செருப்பு.

"மேவிஸ், என்ன பண்ற நீ?"

"துறையைக் கழட்டுறேன்."

"அது அந்தப் பக்கத்துலேருந்து கழட்டணும்டி. ஆழத்துப் பக்கத்துலேருந்து."

"அப்படியா? எல்லாம் ஒண்ணுதானேன்னு நெனச்சேன்."

வெண்டெலின் முகத்தில் வந்த வேதனை மாரடைப்பன்றுகூட வந்ததில்லை. அவன் தண்ணீரை நோக்கி நடந்தான். செருப்பின் நுனி பனி ஏட்டை உடைத்தது. இந்தக் கணக்கை அவள் போட்டிருக்கவில்லை. ஸ்பேனரைத் தூக்கிக் காட்டினாள்.

"தண்ணியில கால வெச்ச, அடுத்த தட்டையும் இதே மாதிரி கழட்டிடுவேன்."

வெண்டெல் நின்றுவிட்டான். அவனைத் தடுக்க இதயத்தால் முடியவில்லை, மருத்துவரால் முடியவில்லை, இந்த மிரட்டலால் முடிந்தது.

அதற்குள் புதருக்குப் பின்னாலிருந்து ரெய்னோ வந்தான். மார்பு வரை ரப்பர் கால்சட்டை, கையில் சொந்த ஸ்பேனர், தோளில் கயிறு. சும்மா இந்தப் பக்கம் நடந்து வந்ததாகச் சொன்னான். கார்வின் படகில் வந்தான். அவனும் சும்மாதான் வந்திருந்தான், அவனும் ரப்பர் போட்டிருந்தான். எதிர்க்கரையிலிருந்து இன்னும் இருவர் சும்மா வந்தார்கள். ஒருவரும் வெண்டெலின் இதயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லோரும் கோணிய துறையைப் பார்த்து, அடிபட்ட மாட்டைப் பார்க்கிற மாதிரி தலையை ஆட்டினார்கள்.

"ஏம்மா மேவிஸ்," என்றான் ரெய்னோ, "அதைக் கீழ வெச்சிடு. மெதுவா. எதையும் தொடாத."

அவளைத் தூக்கிக் கரையில் விட்டான். பிறகு வெண்டெலிடம் திரும்பி, தாழ்ந்த குரலில், ஆண்பிள்ளைக்கு ஆண்பிள்ளை சொல்கிற மாதிரி சொன்னான்.

"நாங்க இதைப் பாத்துக்கிறோம். நீ இவளைப் பிடிச்சுக்க. மறுபடியும் எறங்கிடப் போறா."

வெண்டெல் அவளைப் பிடித்துக்கொண்டான். முழங்கையை இறுக்கிப் பிடித்தபடி, கரையில் நின்று, எந்தத் தட்டு முதலில், எந்தக் கால் அடுத்து என்று சொல்லிக்கொண்டே இருந்தான். சொல்லாமலே அவர்களுக்குத் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு தட்டுக்கும் நிமிர்ந்து, இதுவா என்று கேட்டு, அவன் தலையசைத்த பிறகே தூக்கினார்கள். அந்த நான்கு கிழட்டு முரடர்களின் மேல் மேவிஸுக்கு அப்போது வந்த பாசம் சொல்லி முடியாது. அதைக் காட்டிக்கொள்ளவில்லை, முட்டாள் முகத்தை அப்படியே வைத்திருந்தாள்.

வேலை முடிந்ததும் காபி வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு உள்ளே வந்து குடித்தார்கள். ஃப்ரீஸரிலிருந்த ஹாட்டிஷ்களில் இரண்டை மேவிஸ் சூடாக்கிப் போட்டாள். கார்வின் தன் மனைவி செய்ததை அடையாளம் தெரியாமல் மிகவும் புகழ்ந்தான். அன்று சாயங்காலத்துக்குள் ஏரியைச் சுற்றி எல்லாத் துறையும் கரையேறிவிட்டன. வெண்டெல் எடுத்தாயிற்று அல்லவா.

மேவிஸின் மானம் கப்பலேறியது. பெட்ரோல் பங்க்கில் அவளைப் பார்த்தால் ஆண்கள் தொப்பியைத் தொட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். சர்ச் நிலவறையில் டெலோரிஸ் அவள் தோளைத் தட்டி, துறைத் தட்டுகளில் ஒன்று, இரண்டு என்று பெயின்ட்டில் எழுதிவைக்க ரெய்னோ ஒத்துக்கொண்டதாக ஆறுதல் சொன்னாள். அவள் பொறுப்பில் இருந்த சர்ச் சமையலறைச் சாவிக்கொத்தைக்கூட, எதற்கும் இருக்கட்டும் என்று, வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டார்கள். எங்கள் ஏரியில் ஒரு கதை பிடித்துவிட்டால் ஆளைப் புதைத்த பின்னும் அது நடமாடும். அப்பாவின் பேரையும் சேர்த்துச் சொல்லி, அவர் மகளா இப்படி என்று ஒருவர் வியந்தபோது மட்டும் அவளுக்கு நிஜமாகவே வலித்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வண்டிக்குள் தனியாக அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

நவம்பர் நடுவில் ஒரு காலை ஏரி முழுக்க உறைந்து, ஒரு சுருக்கம் இல்லாமல் கிடந்தது. இருவரும் ஜன்னலோரம் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். வெண்டெல் வெறுங்கரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவன் அந்தந்த வாரத்தைத் தாண்டி எதையும் பேசியதில்லை. மீன்பிடி உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை. குளிர்காலக் கோட்டு கிழிந்திருந்ததற்கு, இருக்கிறதே போதும் என்றிருந்தான். மேவிஸ் அதையெல்லாம் கவனித்து, கவனிக்காத மாதிரி இருந்து, ராத்திரிகளில் அவன் மூச்சை எண்ணியிருக்கிறாள்.

"அடுத்த வருஷம்," என்றான் வெண்டெல்.

மேவிஸ் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அடுத்த வருஷம் நான் கரையில ஒரு நாற்காலி போட்டு ஒக்காந்துக்கிறேன். ரெய்னோ எறங்கட்டும். நீ என் பக்கத்துல நின்னு பாரு. எந்தப் பக்கத்துலேருந்து கழட்டுறதுன்னு ஒண்ணொண்ணாச் சொல்லித் தர்றேன். இத்தன வருஷம் ஏரிக்கரையில இருந்துட்டு இதுகூடத் தெரியலன்னா நாலு பேரு சிரிக்கமாட்டாங்களா?"

மேவிஸ் அவன் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் கஞ்சி ஊற்றினாள்.

"மெதுவாச் சொல்லிக் குடு, வெண்டெல். எனக்கு ஒரு வருஷத்துல எல்லாம் புரியாது."